பிடித்த செய்திக்கு ஒரு தராசு, பிடிக்காத செய்திக்கு வேறு தராசு: மனச்சாய்வைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பீட்டர் டிட்டோ, டேவிட் லோபஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களுக்கு ஓர் உமிழ்நீர்ப் பரிசோதனை வைத்தார்கள். உடலில் ஒரு நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை என்று சொல்லி, மஞ்சள் காகிதப் பட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அந்த நொதி கற்பனை. பட்டை வெறும் காகிதம். எச்சிலில் எத்தனை முறை நனைத்தாலும் நிறம் மாறாது. ஒரு பிரிவினரிடம் "நிறம் மாறாவிட்டால் குறைபாடு இல்லை" என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம் "நிறம் மாறாவிட்டால் குறைபாடு இருக்கிறது" என்றார்கள்.

நல்ல செய்தி கிடைத்தவர்கள் சோதனை முடிந்தது என்று சீக்கிரமே எழுந்துவிட்டார்கள். கெட்ட செய்தி கிடைத்தவர்கள் காத்திருந்தார்கள், பட்டையைத் திரும்ப நனைத்தார்கள், மறுபடியும் பார்த்தார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் முட்டாளும் இல்லை. கெட்ட செய்தி வந்தால் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பது புத்திசாலித்தனம்தான். கோளாறு மறுபக்கம் இருக்கிறது: நல்ல செய்தி வந்தவர்களுக்கு அந்த எண்ணமே வரவில்லை. கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச் இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்துச் சொல்வார். பிடித்த செய்தி வந்தால் "இதை நம்பலாமா?" என்று கேட்கிறோம். பிடிக்காத செய்தி வந்தால் "இதை நம்பியே தீரணுமா?" என்று கேட்கிறோம். முதல் கேள்விக்கு ஒரு சின்ன ஆதாரம் போதும். இரண்டாவதிலிருந்து தப்பிக்க ஒரு சின்ன ஓட்டை போதும்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். மனச்சாய்வை மனதிலிருந்து துடைத்தெறிய முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இரண்டு வகைச் செய்திக்கும் ஒரே சோதனையை வைக்கப் பழகலாம்.

சாய்வு எங்கே நுழைகிறது?

ஆதாரத்தை யோசித்து எடைபோடும்போதுதான் சாய்வு நுழைகிறது என்று நினைப்போம். அதற்கு முன்பே, கண்ணில் படும்போதே நுழைந்துவிடுகிறது. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழக அணிகளுக்கு இடையே ஓர் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நடந்தது. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற ஆய்வாளர்கள் ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகளாக பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது, டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஓடியது ஒரே படம்தான்.

அடுத்து, எடைபோடுவதில். 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் 48 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் மரண தண்டனைக்கு ஆதரவு, பாதிப் பேர் எதிர்ப்பு. எல்லோரும் இரண்டு ஆய்வுகளைப் படித்தார்கள். ஒன்று மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றது, மற்றது குறைப்பதில்லை என்றது. இரண்டும் ஆய்வுக்காகத் தயாரிக்கப்பட்டவை. ஒவ்வொருவரும் தன் பக்கம் பேசிய ஆய்வை நல்ல ஆய்வு என்றும், எதிர்ப்பக்க ஆய்வை ஓட்டை நிறைந்தது என்றும் சொன்னார்கள். கவனிக்க வேண்டிய இடம் இது: எந்த ஆய்வு முறையோடு எந்த முடிவு வரும் என்பதை ஆய்வாளர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் "அருமையான முறை" என்று பாராட்டியதையே இன்னொருவர் "இதெல்லாம் ஒரு முறையா" என்று ஒதுக்கினார். முடிவில் இரு தரப்பும், கலவையான ஆதாரத்தைப் படித்த பிறகு, முன்பைவிட உறுதியாகத் தங்கள் பக்கம் சாய்ந்துவிட்டதாகவே சொன்னார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது சும்மா இல்லை.

படிப்பும் அனுபவமும் இதிலிருந்து காப்பாற்றுமா? ஆய்வாளர் இதியெல் ட்ரோர் 2006-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். அனுபவமுள்ள 5 கைரேகை நிபுணர்கள். ஒவ்வொருவரிடமும், பல ஆண்டுகளுக்கு முன் அவரே உண்மையான வழக்கில் "பொருந்துகிறது" என்று முடிவு சொன்ன ஒரு ஜோடி ரேகை, அது தன்னுடைய பழைய வழக்கு என்று தெரியாமல் தரப்பட்டது. கூடவே ஒரு தகவலும் தந்தார்கள்: "2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் எஃப்பிஐ தவறாகப் பொருத்திய ரேகை இதுதான்." அப்படி ஒரு தவறு உண்மையிலேயே நடந்து உலகம் முழுக்கச் செய்தியானது. அதனால் நிபுணர்களின் எதிர்பார்ப்பு "பொருந்தாது" என்ற பக்கம் போயிற்று. ஐவரில் மூவர் பொருந்தவில்லை என்றார்கள். ஒருவர் சொல்ல முடியாது என்றார். ஒரே ஒருவர்தான் பழைய முடிவிலேயே நின்றார்.

சரி, "நடுநிலையாக இருப்பேன்" என்று மனதில் உறுதி எடுத்துக்கொண்டால்? அதையும் சோதித்துவிட்டார்கள். 1984-இல் லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்டனும் மரண தண்டனைச் சோதனையைத் திரும்பச் செய்தபோது, ஒரு குழுவிடம் "பாரபட்சம் இல்லாமல், நீதிபதி போல எடைபோடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். பலன் இல்லை. இன்னொரு குழுவிடம் "இதே ஆய்வு எதிர் முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பைக் கொடுத்திருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். அது வேலை செய்தது. நல்ல எண்ணத்தைவிட ஒரு நடைமுறைக்குத்தான் பலன் அதிகம். கீழே வரும் படிகள் அந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை.

எடுத்துக்காட்டாக ஒரு செய்தி

படிகளை வெறுமனே சொன்னால் மறந்துபோகும். ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொள்வோம். இரவு ஒரு மணிக்கு முன்னால் படுக்கப் பிடிக்காத ஒருவருக்குக் கைபேசியில் இப்படி வருகிறது: "ஆறு மணி நேரத் தூக்கமே போதும், புதிய ஆய்வில் நிரூபணம்." அவருக்கு எவ்வளவு இனிப்பான செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. தலைப்பும் அதன் பின்னால் இருக்கும் ஆய்வும் இந்த வழிகாட்டிக்காக நான் கற்பனை செய்தவை. அதைச் சோதிக்கும்போது கண்ணில் படும் மற்ற ஆய்வுகள் உண்மையானவை.

படி 1: படிக்கும் முன்பே எழுதி வையுங்கள்

தலைப்பைப் பார்த்ததும், உள்ளே போவதற்கு முன், இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, இதை இப்போது எவ்வளவு நம்புகிறீர்கள், 100-க்கு எத்தனை. இரண்டு, இது உண்மையானால் உங்களுக்கு என்ன லாபம், பொய்யானால் என்ன நஷ்டம்.

நம் நண்பர் எழுதுவது இப்படி இருக்கலாம்: "நம்பிக்கை 75. உண்மையானால் ராத்திரி முழிப்பதை விட வேண்டாம். பொய்யானால் வீட்டில் சொல்வது சரி என்று ஒத்துக்கொள்ளணும்." அந்த இரண்டாவது வரியில்தான் சாய்வு உட்கார்ந்திருக்கிறது. பணம், உடல்நலம், கட்சி, மதம், குடும்பப் பெருமை, ஏற்கெனவே ஊரறியச் சொல்லிவிட்ட கருத்து என்று எது வேண்டுமானாலும் அங்கே வரலாம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு விஷயத்தை நாலு பேர் முன்னால் அடித்துப் பேசிய பிறகு, அது நம் சொத்து மாதிரி ஆகிவிடுகிறது.

எதற்கு எழுத வேண்டும், மனதில் வைத்தால் போதாதா? போதாது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பாரூக் ஃபிஷாஃப், ரூத் பெய்த் ஆகியோர் ஒரு குழுவிடம் எண்ணாகக் கேட்டு வாங்கினார்கள். பயணங்கள் முடிந்த பிறகு, அன்று என்ன எண் சொன்னீர்கள் என்று நினைவுகூரச் சொன்னார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே அவர்களுக்கு ஞாபகம். "எனக்கு அப்பவே தெரியும்" என்பதை மனம் பின்னால் போய் எழுதிவிடும். தாளில் எழுதியதை அதனால் மாற்ற முடியாது.

படி 2: செய்தியைச் சோதிக்கக்கூடிய வாக்கியமாக்குங்கள்

"ஆறு மணி நேரம் போதும்." யாருக்கு? எதற்கு? உயிர் வாழவா, கவனமாக வண்டி ஓட்டவா, படித்ததை நினைவில் வைக்கவா? ஒரு நாளைக்கா, வருடக் கணக்கிலா? வழுக்கலான சொற்கள் இருக்கும்வரை சாய்வுக்கு வசதி. ஆதாரம் எப்படி வந்தாலும் "நான் சொன்னது அதைத்தான்" என்று சொல்லிவிடலாம்.

அதனால் மாற்றி எழுதுங்கள்: "பெரும்பாலான பெரியவர்கள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கினால், பகல் நேரக் கவனத்தில் குறைவு வராது." இப்போது இது தவறாகப் போக வழி இருக்கிறது. எந்த ஆதாரம் வந்தாலும் தோற்க முடியாத வாக்கியத்தைச் சோதித்துப் பயனில்லை. அதே கையோடு உண்மையையும் தீர்ப்பையும் பிரித்துவிடுங்கள். "தூக்கம் குறைந்தால் கவனம் குறைகிறது" என்பதைச் சோதிக்கலாம். "சாதிக்க நினைப்பவன் தூங்கக்கூடாது" என்பது ஒருவரின் விருப்பம். எந்த ஆய்வும் அதை நிரூபிக்காது, மறுக்கவும் செய்யாது.

படி 3: முடிவைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

நேரமில்லாதவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யலாம். 1984 சோதனையில் பலன் தந்தது இதுதான்.

நம் நண்பர் படித்த ஆய்வு இப்படி இருக்கிறது என்று வைப்போம். சில நூறு பேரிடம் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேள்வித்தாளில் கேட்டார்கள். பகலில் எப்படி உணர்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். ஆறு மணி நேரக்காரர்களும் எட்டு மணி நேரக்காரர்களும் ஒரே மாதிரி "நன்றாக இருக்கிறேன்" என்றார்கள். ஆகவே ஆறு போதும்.

இப்போது இதே ஆய்வு, இதே ஆட்கள், இதே கேள்வித்தாள். முடிவு மட்டும் "ஆறு மணி நேரத் தூக்கம் ஆபத்து" என்று வந்திருந்தால் நண்பர் என்ன சொல்லியிருப்பார்? நாக்கு நுனியில் தயாராக இருக்கும்: "தூக்க நேரத்தை அவங்களே சொன்னாங்களா? யார் கடிகாரம் பார்த்துத் தூங்குறாங்க, கருவி வைத்து அளந்தாங்களா? ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவங்க குறைவாகத் தூங்கியிருந்தா? நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதெல்லாம் ஓர் அளவீடா?"

மூன்றும் நல்ல கேள்விகள். மக்கள் தாங்களே சொல்லும் தூக்க நேரமும் கருவி காட்டும் நேரமும் பல சமயம் ஒத்துப்போவதில்லை என்பது தெரிந்த விஷயம். இப்போது அந்த மூன்று கேள்விகளையும் எடுத்து, கையில் இருக்கும் பிடித்த முடிவின் மேல் அப்படியே வையுங்கள். மூன்றும் அதே பலத்தோடு பொருந்தும்.

பிடிக்காத செய்தி வந்தால் இதையே மறுதிசையில் செய்யுங்கள். ஓர் ஆய்வை "சில நூறு பேர்தானே" என்று ஒதுக்கும்போது, அதே எண்ணிக்கையில் வந்த, உங்களுக்குப் பிடித்த ஆய்வு எதையாவது இதற்கு முன் யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். சொன்னவர் யார் என்பதையும் திருப்பிப் போடலாம். நீங்கள் மதிக்கும் தலைவர் சொன்னதை உங்களுக்கு ஆகாதவர் சொன்னதாகக் கற்பனை செய்து, அதே வாக்கியத்தை இன்னொருமுறை வாசியுங்கள். சில வாக்கியங்கள் அந்த இடத்திலேயே பல்லிளித்துவிடும்.

படி 4: தோற்கும் இடத்தைத் தேடுங்கள்

1960-இல் பீட்டர் வேசன் ஒரு சின்னப் புதிர் வைத்தார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் என் மனதில் உள்ள விதிக்குப் பொருந்தும். நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள், பொருந்துமா என்று சொல்கிறேன், விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலரும் 8, 10, 12 என்றார்கள். பொருந்தும். 20, 22, 24. பொருந்தும். "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று நம்பிக்கையோடு அறிவித்தார்கள். தவறு. விதி "ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும்" என்பதுதான். 1, 2, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். தன் ஊகம் உடையக்கூடிய கேள்வியைக் கேட்கப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

இணையத்தில் தேடும்போது நாம் செய்வதும் 8, 10, 12 தான். "ஆறு மணி நேரத் தூக்கம் போதும் காரணங்கள்" என்று தேடினால் காரணங்கள்தான் வரும். மூன்று தடவை தேடுங்கள்: ஒன்று ஆதரவாக, ஒன்று எதிராக ("குறைந்த தூக்கம் பாதிப்பு"), ஒன்று எந்தப் பக்கமும் சாயாமல் ("பெரியவர்களுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம்").

நண்பர் எதிராகத் தேடினால் என்ன கிடைக்கும்? 2003-இல் ஹான்ஸ் வான் டாங்கனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு கண்ணில் படலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆரோக்கியமானவர்களை 14 நாள் தங்கவைத்து, ஒரு குழுவுக்கு இரவில் 4 மணி நேரம், ஒரு குழுவுக்கு 6, ஒரு குழுவுக்கு 8 என்று படுக்கை நேரம் கொடுத்துக் கவனத்தைச் சோதித்தார்கள். ஆறு மணி நேரக் குழுவின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. ஆனால் அவர்களிடம் கேட்டால், தூக்கக் கலக்கம் அவ்வளவாக இல்லை என்றார்கள். அதாவது "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்ற பதில்தான் இங்கே நம்பக்கூடாத பதில். நண்பருடைய கேள்வித்தாள் ஆய்வின் அடித்தளமே அந்தப் பதில்தான்.

சாயாத தேடலில், அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் தூக்க ஆராய்ச்சிச் சங்கமும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட பரிந்துரை வரும்: பெரியவர்களுக்கு 7 மணி நேரம் அல்லது அதற்கு மேல். ஆதரவான தேடலிலும் ஒரு உண்மை உண்டு. மரபணு மாற்றம் ஒன்றினால் இயல்பாகவே ஆறு மணி நேரத்தைச் சுற்றித் தூங்கி நலமாக இருப்பவர்கள் சிலரை 2009-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் அது மிக அரிது. "நான் அந்த அரிய ஆள்தான்" என்று நண்பர் உடனே முடிவு கட்டினால், படி 1-க்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒரு தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து அது நம்பகமானதா என்று தீர்மானிக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்களையும் ஒப்பிட்டார்கள். பேராசிரியர்கள்கூட அழகான வடிவமைப்பிலும் அதிகாரபூர்வமாகத் தெரியும் பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடியில் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு தாவல்களில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தது அவர்கள்தான்.

படி 5: எத்தனை பேர் சொன்னார்கள், எத்தனை வேர்கள்

இது சின்னப் படி. 1977-இல் ஹேஷர், கோல்ட்ஸ்டைன், டொப்பினோ ஆகியோர் காட்டியது: சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கூற்று, புதிதாகக் கேட்கும் கூற்றைவிட உண்மையாகத் தோன்றுகிறது. ஆறு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி வந்தால் ஆறு ஆதாரம் ஆகிவிடாது. ஒவ்வொன்றும் யாரைக் காட்டுகிறது என்று பின்னோக்கிப் போங்கள். எல்லாமே ஒரே ஆய்வுக்கோ ஒரே காணொளிக்கோ போய் முட்டினால், உங்களிடம் இருப்பது ஓர் ஆதாரம்தான்.

படி 6: நான்கு பெட்டியையும் நிரப்புங்கள்

"எங்கள் தாத்தா ஐந்து மணி நேரம்தான் தூங்குவார், தொண்ணூறு வயதுவரை இருந்தார்." இதுமாதிரிச் சான்று மனதில் ஆணி அடித்தாற்போல நிற்கும். ஆனால் இது நான்கில் ஒரு பெட்டி. குறைவாகத் தூங்கி நன்றாக இருந்தவர்கள், குறைவாகத் தூங்கிக் கெட்டவர்கள், போதுமான அளவு தூங்கி நன்றாக இருந்தவர்கள், போதுமான அளவு தூங்கிக் கெட்டவர்கள் என்று நான்கும் வேண்டும். நமக்குப் பிடித்த முடிவை ஒரு பெட்டி காட்டிவிட்டால் மற்ற மூன்றைத் திறக்க மாட்டோம்.

எண்ணை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் குழுவினரும் 2013-இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு தோல் களிம்பைப் பூசியவர்களில் 223 பேருக்குத் தடிப்பு குறைந்தது, 75 பேருக்கு மோசமானது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்கு மோசமானது. களிம்பு வேலை செய்கிறதா?

223 என்ற பெரிய எண்ணைப் பார்த்ததும் "ஆம்" என்று சொல்லத் தோன்றும். வகுத்துப் பாருங்கள். பூசியவர்கள் மொத்தம் 298, அதில் 223 என்பது சுமார் 75 சதவீதம். பூசாதவர்கள் 128, அதில் 107 என்பது சுமார் 84 சதவீதம். பூசாதவர்களுக்குத்தான் அதிகம் குணமாயிற்று.

களிம்பாக இருந்தபோது, கணக்கில் வல்லவர்கள் மற்றவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைத் துப்பாக்கிக் கட்டுப்பாடும் குற்றமும் என்று பெயர் மாற்றிக் கொடுத்ததும் கதை மாறியது. கணக்கில் வல்லவர்கள், முதல் பார்வைப் பதில் தங்கள் அரசியலுக்கு ஒவ்வாதபோது மட்டும் பொறுமையாக வகுத்துப் பார்த்தார்கள் என்பது போல விடைகள் அமைந்தன. பிடித்த பதில் கண்ணில் பட்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் இந்த விளைவு எப்போதும் அதே அளவில் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிடித்த ஆய்வு என்பதற்காக அதற்குச் சலுகை தரக்கூடாது அல்லவா.

படி 7: எண்ணைத் திருத்துங்கள், எதிர்ச்சான்றை உடனே குறியுங்கள்

படி 1-இல் எழுதிய எண்ணுக்குத் திரும்புங்கள். நண்பர் 75 எழுதியிருந்தார். இப்போது 20 என்று எழுதலாம், 25 என்றும் எழுதலாம். துல்லியம் முக்கியமில்லை. எண் நகர்ந்ததா என்பதுதான் கேள்வி. "நம்புகிறேன், நம்பவில்லை" என்ற இரண்டே நிலை இருந்தால் மனம் மாறுவது தோல்வி மாதிரி இருக்கும். 75-இலிருந்து 60-க்கு இறங்குவது யாருக்கும் வலிக்காது. உங்கள் எண்கள் எந்தச் செய்திக்கும் எப்போதும் நகரவே இல்லை என்றால், மேலே சொன்ன படிகளைச் சடங்காகச் செய்திருக்கிறீர்கள்.

சார்லஸ் டார்வின் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பழக்கத்தைச் சொல்கிறார். தன் கொள்கைக்கு எதிரான ஏதாவது ஒரு தகவலோ எண்ணமோ வந்தால், தவறாமல் உடனே எழுதி வைத்துவிடுவார். சாதகமானவற்றைவிட இத்தகைய தகவல்கள்தான் நினைவிலிருந்து சீக்கிரம் நழுவுகின்றன என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார். இதனாலேயே, தன் கொள்கைக்கு வந்த எதிர்ப்புகளில் பெரும்பாலானவற்றைத் தானே முன்கூட்டி யோசித்துப் பதில் தேட முடிந்தது என்கிறார். கைபேசிக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

படி 8: முடிவு தெரியாத கண்களிடம் கொடுங்கள்

1903-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ரெனே ப்ளோண்ட்லோ புதிய கதிர் ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். தன் ஊரான நான்சியின் பெயரால் அதற்கு என்-கதிர் என்று பெயரிட்டார். இருட்டறையில் ஒரு மங்கலான ஒளி லேசாகக் கூடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் அதை அறிய முடியும். பல விஞ்ஞானிகள் தாங்களும் பார்த்ததாக எழுதினார்கள். வேறு பலருக்கு எதுவுமே தெரியவில்லை. 1904-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் நேரில் போனார். அளவீடு நடந்துகொண்டிருக்கும்போது, கதிரைப் பிரிக்கும் அலுமினியப் பட்டகத்தை இருட்டில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். ப்ளோண்ட்லோ முன்பு சொன்ன அதே அளவுகளைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். வுட் இதை எழுதி வெளியிட்டதோடு என்-கதிரின் கதை முடிந்தது.

ப்ளோண்ட்லோ ஏமாற்றுக்காரர் அல்ல, தேர்ந்த விஞ்ஞானி. எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்ததுதான் சிக்கல். மருந்துச் சோதனைகளில் யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைப்பது இதற்காகத்தான். நாமும் சிறிய அளவில் செய்யலாம். ஓர் ஆய்வையோ செய்தியையோ நண்பருக்குக் காட்டும்போது உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள். முடியுமானால் முடிவுப் பகுதியை மறைத்து, "இந்த முறையில் செய்தால் நம்பலாமா?" என்று மட்டும் கேளுங்கள். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போது பெயரை மறைப்பதும், விடைத்தாளில் மாணவர் பெயருக்குப் பதில் எண் இருப்பதும் இதே வகைதான்.

மற்றவரிடம் பேசும்போது

மேலே உள்ளதைப் படித்த கையோடு அடுத்தவரின் சாய்வைச் சுட்டிக்காட்டக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். எமிலி ப்ரோனினும் சகாக்களும் 2002-இல் காட்டியபடி, மனச்சாய்வுகளைப் பற்றி விளக்கிய பிறகும் பெரும்பாலோர் "மற்றவர்களைவிட எனக்கு அது குறைவு" என்றே நினைக்கிறார்கள். உங்கள் எதிரில் இருப்பவரும் உங்களைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

திருத்தினால் எதிராளி இன்னும் பிடிவாதமாகிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. 2010 வாக்கில் அப்படிச் சில சோதனைகள் காட்டின. ஆனால் தாமஸ் வுட், ஈத்தன் போர்ட்டர் ஆகியோர் 52 விஷயங்களை வைத்து ஆயிரக்கணக்கானோரிடம் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த எதிர்விளைவு கிட்டத்தட்ட எங்குமே தென்படவில்லை. சரியான தகவலைச் சொன்னால் பெரும்பாலோர் ஓரளவு அதை நோக்கி வரத்தான் செய்கிறார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விதம்தான் முக்கியம்.

எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்வது, "ஏன்" என்று கேட்காமல் "எப்படி" என்று கேட்பது. ஏன் நம்புகிறாய் என்றால் அவருக்குள் இருக்கும் வக்கீல் வாதாட வெளியே வருவார். எப்படி வேலை செய்கிறது என்றால் விளக்க வேண்டியிருக்கும். ஜிப் எப்படி வேலை செய்கிறது என்பது மாதிரியான கேள்விகளை வைத்து ரோசன்ப்ளிட், கெய்ல் ஆகியோர் 2002-இல் காட்டியது இது: விளக்கச் சொல்லி, பாதியில் தடுமாறிய பிறகு, தனக்குத் தெரியும் என்று ஒருவர் தனக்கே போட்ட மதிப்பெண் தானாகக் குறைகிறது.

"ஆறு மணி நேரம் போதும்னு போட்டிருக்கே, அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்களாம் மாமா?"

"ஆராய்ச்சி பண்ணித்தான், சும்மா சொல்லுவாங்களா மாப்ளே."

"இல்ல மாமா, தூங்குறவங்களைப் பக்கத்துல இருந்து அளந்தாங்களா, இல்ல கேட்டு எழுதிக்கிட்டாங்களா?"

"அது போடலியே. இரு, பார்ப்போம்."

அந்த "பார்ப்போம்" வந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்காமல் தனியாகக் கேளுங்கள். பெரியவர் ஒருவர் பத்துப் பேர் முன்னால் பின்வாங்குவது, அவரிடம் நாம் கேட்கக்கூடாத விலை.

எங்கே இதைத் தவறாகப் பயன்படுத்துகிறோம்

எல்லாச் செய்திக்கும் சரிபாதி இடம் கொடுப்பது நடுநிலை ஆகாது. ஏற்கெனவே மலையளவு ஆதாரம் உள்ள ஒன்றை எதிர்த்து ஒரு காணொளி வந்தால், அதைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பது சாய்வு அல்ல, நியாயமான எச்சரிக்கை. வித்தியாசம் இதுதான்: சந்தேகம் ஆதாரத்தின் அளவைப் பொறுத்து வருகிறதா, நம் விருப்பத்தைப் பொறுத்து வருகிறதா? இரண்டும் உள்ளுக்குள் ஒரே மாதிரி இருப்பதால்தான் படி 1-இன் இரண்டாவது வரி தேவைப்படுகிறது.

"உனக்குச் சாய்வு இருக்கிறது, ஆகவே நீ சொல்வது பொய்" என்பதும் செல்லாது. மருந்து நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வு சரியாகவும் இருக்கலாம். பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் முறையை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். படிக்காமலே ஒதுக்க அது காரணம் ஆகாது.

எல்லாவற்றுக்கும் எட்டுப் படியும் ஏற முடியாது, வேண்டியதும் இல்லை. நடிகர் யாரைத் திருமணம் செய்கிறார் என்பதற்கு எதற்கு இத்தனை பாடு? உடம்பில் எதையாவது மாற்றப் போகிறீர்கள், பணத்தைப் போடப் போகிறீர்கள், வாக்களிக்கப் போகிறீர்கள், ஒருவர்மேல் பழி சொல்லும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் முழுதாகச் செய்யுங்கள். மற்றவற்றுக்குப் படி 3 மட்டும் போதும். அதற்கும் நேரமில்லை என்றால், செய்தியை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அனுப்பாமல் விட்டுவிடுங்கள்.